தமிழ் போஸ்டர் வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரத்ததான முகாமுக்கு ஒரு போஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். அமைப்பின் பெயர் பெரிதாக இருக்கும், நிர்வாகிகளின் படங்கள் வரிசையாக இருக்கும், வாழ்த்துவோர் பெயர்களும் அதே தடிமனில் இருக்கும். முகாம் என்றைக்கு, எங்கே என்பது மட்டும் கீழே ஒரு மூலையில் கிடக்கும். எல்லாவற்றையும் பெரிதாக்கினால் எதுவும் பெரிதாகத் தெரியாது. எதை முதலில் படிக்க வேண்டும், அடுத்து எது என்று முடிவு செய்த பிறகே கணினியைத் தொட வேண்டும்.

ஆங்கிலத்தில் தலைப்பை முழுக்கப் பெரிய எழுத்துகளில் போட்டே வேறுபடுத்திவிடலாம். தமிழுக்கு அந்த வசதி இல்லை. அளவு, தடிமன், நிறம், சுற்றியுள்ள இடைவெளி ஆகியவைதான் நம் கருவிகள். அதனால் இவற்றில் செய்யும் பிழை தமிழில் கூடுதலாக உறுத்தும்.

வரி இடைவெளியையே பாருங்கள். பல மென்பொருள்கள் எழுத்தளவில் 120 சதவீதத்தைத் தாமாகவே வைத்துவிடும். தமிழுக்கு அது போதாது. மேல் வரியில் 'ழு' கீழே இறங்கும், அடுத்த வரியில் 'றீ' மேலே ஏறும், இரண்டும் முட்டிக்கொள்ளும். 140 அல்லது 150 வைத்துப் பாருங்கள், அதே பத்தி மூச்சு விடும்.

வரி நிரம்பவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் இழுப்பதை நான் மன்னிக்கவே மாட்டேன். செங்குத்துக் கோடுகள் மட்டும் பருத்து, படுக்கைக் கோடுகள் அப்படியே நிற்க, எழுத்தின் உருவமே சிதைகிறது. தடிமன் வேண்டுமென்றால் தடிமனான எழுத்துருவை எடுங்கள். கட்டமரன், முக்த மலர் போன்றவை பல தடிமன்களில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், தமிழ் போன்ற எழுத்துமுறைகளைச் சரியாக அமைக்கும் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் எழுத்துக்கு முன் வரும் கொம்புகள் இடம் மாறி விழலாம். அச்சுக்குப் போகும் முன் 'கெ', 'கொ', 'கை' வரும் சொற்களைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

நிறத்தில் அடிக்கடி நடப்பது, நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து. இரண்டுமே அடர்த்தியான நிறங்கள் என்பதால் ஓரங்கள் அதிர்வதுபோல் தெரியும், கண் கூசும். போஸ்டரைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள்; அப்போதும் எழுத்து தெளிவாகத் தெரிந்தால் மாறுபாடு போதுமானது. திரையில் ஒளிரும் பச்சை, அச்சுக்கான நான்கு வண்ண மையில் மங்கிவிடும் என்பதையும் வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

"இந்த இடம் சும்மா கிடக்கே, ஒரு பூ வைங்க" என்பார்கள். அங்கே உறுதியாக நில்லுங்கள். தேதி, நேரம், இடம் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, சுற்றிலும் காலியிடம் விட்டால்தான் பேருந்தில் போகிறவர் கண்ணில் அது படும்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அச்சுக்குக் கொடுக்காதீர்கள், அதன் தரம் பெரும்பாலும் ஏற்கெனவே குறைந்திருக்கும். மூலக்கோப்பைக் கேட்டு வாங்குங்கள். கையில் பிடித்துப் படிக்கும் நோட்டீஸுக்கு அச்சிடும் அளவிலேயே 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) இருக்க வேண்டும். வெட்டும் ஓரத்துக்கு வெளியே பின்னணி நிறத்தை 3 மி.மீ. நீட்டி வையுங்கள், இல்லாவிட்டால் விளிம்பில் வெள்ளைக் கோடு விழும்.