ஜீப் ஹூட் மழையில் சுருங்கி ஒழுகியதற்கு நான் செய்த திருத்தம்

வில்லிஸ் எம்பி (1941–1945) ஜீப்புக்குத் தைத்த பருத்திக் கன்வஸ் ஹூட் (மேலே மூடும் துணிக் கூரை), முதல் மாரியிலேயே சுருங்கிப் பின் கொளுவிகளுக்கு எட்டாமல் போனது. தையல் வழியாகவும் ஒழுகியது. திருகோணமலையில் ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கினால் இந்த இரண்டு பிழையும் சேர்ந்தே வெளிவரும்.

சுருக்கத்துக்குக் காரணம் நனையாத துணியை அளவாக வெட்டியது. இப்போது நீளம், அகலம் இரண்டிலும் நூற்றுக்கு மூன்று கூட விட்டு வெட்டுகிறேன். தைத்த ஹூட்டை, அதைத் தாங்கும் வளைகம்பிகளில் போட்டு, நன்றாக நனைத்து, நிழலில் காயவிட வேண்டும். இதை இரண்டு தரம் செய்த பிறகுதான் கண்ணிகளை (துணித் துளைகளுக்கு அடிக்கும் உலோக வளையங்களை) அடிப்பேன். முதலே அடித்தால் இடம் மாறிவிடும்.

ஒழுகலுக்குக் காரணம் முழு நைலோன் நூல். அது நனைந்தாலும் ஊதாது, ஊசித்துளை திறந்தே கிடக்கும். பொலியெஸ்டரின் மேல் பருத்தி சுற்றிய நூல் ஊதித் துளையை அடைக்கும். 18ஆம் இலக்க ஊசி, 4 மில்லிமீற்றர் தையல். அதைவிட நெருக்கித் தைத்தால் தபால் முத்திரைத் தாள் போலத் துணி அந்த வரியில் கிழியும். மடிப்புத் தையலின் திறந்த வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், ஓடு மேய்வது போல.

கண்ணிகள் பித்தளையாகவே வேண்டும். கடற்காற்றில் இரும்பு துருப்பிடித்து, அந்தத் துரு பருத்தியையே அரிக்கும்.

விற்பனைக்குத் தைக்கும்போது வண்டியின் இரு பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும். பழைய வளைகம்பிகள் பெரும்பாலும் கோணியிருக்கும். வாங்குபவரிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: ஹூட்டைக் கழுவும்போது சவர்க்காரம் போடக்கூடாது, துணியில் உள்ள மெழுகுப் பூச்சு போய்விடும்.