குளக்கட்டில் தொடங்கும் திட்டங்கள்: திருகோணமலை நீரேந்துப் பகுதிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலை மாவட்டத்தில் ஒரு குளம் புனரமைக்கப்படுகிறது என்றால், முதல் நாளே பெக்கோ இயந்திரம் குளக்கட்டில் ஏறி நிற்கும். கட்டு உயரும், துருசு (வயலுக்கு நீர் திறக்கும் மதகு) புதிதாகும், பெயர்ப்பலகை நடப்படும். அந்தக் குளத்துக்குத் தண்ணீர் எந்த நிலத்திலிருந்து வருகிறது, அந்த நீரேந்துப் பகுதி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்வியோ திட்ட அறிக்கையின் பின்னிணைப்பில் கிடக்கும். மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்து பிறந்தவை.

கந்தளாய்க் குளத்தைக் கட்டிய மன்னன் குளக்கோட்டனா, இரண்டாம் அக்கபோதியா என்று விடிய விடிய வாதாட நம்மிடம் ஆள் இருக்கிறது. அந்தக் குளத்தின் நீரேந்துப் பகுதியில் எவ்வளவு காடு மிஞ்சியிருக்கிறது என்று கேட்டால் சபை அமைதியாகிவிடும்.

திட்ட எல்லையைப் பிரதேச செயலகப் பிரிவின் எல்லையோடு முடித்துக்கொள்வது அடுத்த தவறு. நிதி அப்படித்தான் வருகிறது, ஆனால் தண்ணீர் அப்படி வருவதில்லை. யான் ஓயா புல்மோட்டையில் கடலைச் சேர்ந்தாலும், அதன் நீரேந்துப் பகுதியின் பெரும்பங்கு அனுராதபுர மாவட்டத்தில் இருக்கிறது. மகாவலி மத்திய மலைநாட்டில் பிறந்து 335 கிலோமீட்டர் ஓடிக் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலின்போது மகாவலியின் கீழ்ப்புறத்தில் உள்ள மாவிலாற்றில் அணை உடைந்து மூதூர்ப் பக்கம் மக்கள் இடம்பெயர நேர்ந்தது. அந்த வெள்ளத்தில் மலைநாட்டு மழையும் கலந்திருந்தது. மூதூரில் மட்டும் மழைமானி வைத்து வெள்ளத் திட்டம் வரைகிறவர் பாதித் தகவலோடுதான் வரைகிறார்.

சிறு குளங்களுக்கும் இதே கதைதான். நம் வறண்ட வலயக் குளங்கள் தனித்தனியாக இருப்பவை அல்ல. மேற்குளம் வான் (மிகைநீர் வழியும் இடம்) பாய்ந்தால் கீழ்க்குளம் நிறையும். மேல் வயலின் கழிவுநீர் கீழ்க் குளத்துக்கு வரவாகும். இந்தத் தொடர்குள முறையைத்தான் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபாக ஏற்றுக்கொண்டது. அப்படியிருக்க, தொடரின் நடுவில் ஒரு குளத்தை மட்டும் தெரிவுசெய்து கட்டை உயர்த்தினால், மழை குறைந்த ஆண்டில் கீழேயுள்ள ஊர் காயும். மழை மிகுந்த ஆண்டில் உயர்த்திய கட்டு உடைந்தால், அதற்குக் கீழே உள்ள கட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்.

கட்டை உயர்த்துவதிலேயே இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே நிலம் தட்டையானது. இரண்டு அடி உயர்த்தினால் தண்ணீர் ஆழத்தில் கூடுவதைவிடப் பரப்பில்தான் அதிகம் விரியும். அலைகரையில் (நீர் எட்டும் மேல்விளிம்பில்) நிற்கும் மரங்கள் மூழ்கிப் பட்டுப்போகும், மேல் வயல்களில் நீர் தேங்கும், விரிந்த பரப்பிலிருந்து கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று உறிஞ்சிக்கொண்டு போவதும் கூடும். கொள்ளளவு கூடியதாகக் கணக்கில் எழுதியிருப்பார்கள். கோடையில் சிறுபோகம் செய்கிறவனின் வாய்க்காலில் அந்தத் தண்ணீரைக் காணமுடியாது.

அதற்கு மாற்றாகத் தூர்வாரலாம், செய்யவும் வேண்டும். ஆனால் தூர்வாருவதற்கும் கிணறு தோண்டுவதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். ஆவணி மாதத்தில் வற்றிய குளத்துக்குள் இறங்கிப் பாருங்கள். மேலே வெடித்துப் பாளம் பாளமாகக் கிடப்பது வண்டல். மண்வெட்டியால் அதை ஒதுக்கிக்கொண்டே போனால், ஓரிடத்தில் வெட்டு வழுக்கத் தொடங்கும். சாம்பல் நிறத்தில், விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிற களி வரும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அந்தக் களிதான் குளத்தின் அடித்தட்டு. அதைக் கிழித்தால் நிறைகிற தண்ணீர் கீழே கசிந்து போய்விடும். துருசின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டுவதாலும் வயலுக்குப் பயனில்லை. அங்கே நிற்கும் தண்ணீர் வாய்க்காலுக்கு ஏறாது. மாடு குடிக்கவும் மீன் பிழைக்கவும் ஒரு மடு வேண்டும் என்று தெரிந்தே தோண்டினால் அது வேறு விடயம். கன மீட்டர் கணக்கில் பணம் வாங்கும் ஒப்பந்தக்காரருக்கு மட்டும் எவ்வளவு ஆழமும் நல்ல ஆழம்தான்.

வண்டல் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் வாரினால், சில மாரிகளில் அது திரும்பவும் வந்து படியும். மேற்பக்கத்தில் சேனைப் பயிர்ச்செய்கைக்காகக் காடு வெட்டுவதும், கிரவல் மண் அள்ளுவதும், குளத்துக்கு வரும் ஓடையின் கரையை உழுதுவிடுவதும் தொடரும்வரை வாரிக்கொண்டே இருக்கலாம். பழைய குளங்களில் அலைகரைக்கு மேலே ஒரு மரச்செறிவும், தண்ணீர் நுழையும் வழியில் மண்ணை வடிக்கும் புல்வெளியும், கட்டுக்குக் கீழே உவர் உப்பை உறிஞ்சித் தடுக்கும் இன்னொரு மரச்செறிவும் இருந்தன. இவை மூன்றும் இல்லாத திட்டத்துக்கு நீரேந்துப் பகுதிப் புனரமைப்பு என்று பெயர் வைப்பது கொஞ்சம் அதிகம்தான்.

மரநடுகையில் நடப்பதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். உலகச் சுற்றாடல் தினம் ஜூன் 5 என்பதால் நம் மாவட்டத்திலும் ஜூனில் கன்று நடுகிறார்கள். இங்கே ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை பெய்தாலும், பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். ஜூனில் நட்ட கன்று கச்சானில் கருகும். புகைப்படம் மட்டும் பசுமையாக இருக்கும். ஒக்டோபர் மழை மண்ணை நனைத்த பிறகு நடுங்கள். இடமும் முக்கியம். குளக்கட்டின்மேல் பெருமரம் நடவே கூடாது. அந்த மரம் பட்டுப்போனால் வேர் உக்கிய இடமெல்லாம் கட்டுக்குள் குழாயாகித் தண்ணீருக்கு வழி காட்டும். போர்க்காலத்தில் கைவிடப்பட்டு, கட்டில் மரம் வளர்ந்துவிட்ட குளங்களைத் திருத்தும்போது இதை இரட்டிப்புக் கவனத்துடன் பார்க்க வேண்டும். மருதும் நாவலும் ஓடைக்கரைக்குப் பொருந்தும். பாலையும் வீரையும் மேட்டுக்கு. சீக்கிரம் வளர்கிறது என்று யூக்கலிப்டஸைக் கொண்டுவந்து நிரப்புவது காடு வளர்ப்பு ஆகாது.

காலநிலை மாற்றம் என்ற சொல் இப்போது எல்லா அறிக்கைகளிலும் முன்னுரையில் இருக்கிறது, கணக்கில்தான் இல்லை. வானின் அகலத்தைப் பழைய சராசரி மழையை வைத்தே தீர்மானிக்கிறார்கள். சராசரி எந்தக் கட்டையும் உடைப்பதில்லை. இரண்டு நாளில் கொட்டும் மழைதான் உடைக்கிறது. 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் கிழக்கில் வெள்ளம் வந்தது, பெரும்போக (மாரிகால) நெல் அறுவடையை நெருங்கிய நேரம். 2016–17 பெரும்போகத்தில் மழை பொய்த்துக் குளங்கள் காய்ந்தன. வெள்ளத்துக்கு வானை அகலமாக்கு, வறட்சிக்கு வான்மட்டத்தை உயர்த்து என்று இரண்டு கோரிக்கைகளும் ஒரே கூட்டத்தில் எழும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்துத் தீர்ப்பதுதான் பொறியியலாளரின் வேலை. கந்தளாய்க் குளக்கட்டு 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அது மாரிகாலமே அல்ல. ஆகவே கட்டைப் பார்வையிடுவதை நவம்பருக்கு மட்டும் ஒதுக்கிவைக்காதீர்கள்.

கூட்டத்துக்குக் கமக்கார அமைப்பை அழைப்பார்கள். மாட்டுப்பட்டிக்காரரையும் குளத்தில் வலை போடுகிறவரையும் மறந்துவிடுவார்கள். மேய்ச்சல் தரையை வேலியடைத்து மரம் நட்டால் அந்த வேலி எத்தனை நாள் நிற்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்பது முதல் கூட்டத்திலேயே எழுத்தில் வர வேண்டும். சிறு குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும், பெரிய குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ், மேலேயுள்ள காடு இன்னொரு திணைக்களத்தின் கீழ். திட்டம் முடிந்த மறுமாரியில் வானில் அரிப்பு விழுந்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். மாரி முடிந்ததும் கட்டையும் வானையும் நடந்து பார்ப்பது யார், கன்றுக்கு முதல் இரண்டு கோடையும் தண்ணீர் ஊற்றுவது யார், அதற்குரிய கூலி எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பவற்றுக்குப் பெயரும் தொகையும் எழுதப்படாத திட்டத்தில், ஊர்க்காரர் கையொப்பம் வைக்க அவசரப்பட வேண்டியதில்லை.