ஆன்டிபாடி ரிப்போர்ட்டைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிவியில் புது வேரியன்ட் பெயர் ஒன்று ஓட ஆரம்பித்தால் போதும், பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் லேபுக்கு நாலு பேராவது வந்து, "போன தடவை கொரோனா வந்துச்சே, அந்த எதிர்ப்பு இன்னும் இருக்கான்னு பாத்துச் சொல்லு தம்பி" என்பார்கள். கேட்பவர்கள் மேல் வருத்தமில்லை. ரத்தம் எடுக்கும் புதுப் பிள்ளைகள் சொல்லும் பதில்தான் பிரச்சினை. "எண் இருந்தா பயமில்லை, இறங்கினா எதிர்ப்பு போச்சு" என்று 2020-ல் நாங்கள் வாய்க்கு வந்தபடி சொன்ன அதே பதில். மாஸ்க், கை கழுவுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

மூன்றாம் நாளே டெஸ்ட்டுக்கு வருவது

தொற்று வந்த பிறகு ஐஜிஜி, அதாவது நாங்கள் பெரும்பாலும் தேடும் ஆன்டிபாடி வகை, ரத்தத்தில் தெரியச் சுமார் இரண்டு வாரம் ஆகும். அதற்கு முன் எடுத்தால் காசு தண்டம்.

இரண்டு லேப் எண்களை ஒப்பிடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். 2021-ல் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம், காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் ஒருவர் இரண்டு ரிப்போர்ட்டை மேசையில் வைத்தார். ஒன்றில் 180. அப்புறம் வேறு லேபில் எடுத்ததில் 1.1, பக்கத்தில் நெகட்டிவ். அங்கிருந்த பையன் "எதிர்ப்பு சுத்தமா இறங்கிடுச்சுண்ணா" என்று சொல்லி அனுப்ப, மனிதர் பயந்துபோய் ஏலத்துக்குப் போவதையே நிறுத்தியிருந்தார், வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான்.

டெஸ்ட்டின் பெயரை யாரும் படிக்கவில்லை. முதல் டெஸ்ட் வைரஸின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியை யூனிட்டில் அளந்தது. இரண்டாவது உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கானது. அதில் வருவது யூனிட் இல்லாத வெறும் இண்டெக்ஸ், கட்-ஆஃப் 1.4, அதற்குக் கீழே இருந்தால் நெகட்டிவ். 180-லிருந்து 1.1-க்கு எதுவும் இறங்கவில்லை, இரண்டும் வேறு வேறு கணக்கு. அவர் ரத்தத்தை மறுபடி ஸ்பைக் கிட்டில் போட்டோம், தெளிவாகப் பாசிட்டிவ்.

நியூக்ளியோகேப்சிட்டிலேயே ஐஜிஜி மட்டும் பார்க்கும் கிட்டில் சில மாதத்தில் நெகட்டிவ் ஆகிறவருக்கு, மொத்த ஆன்டிபாடி பார்க்கும் கிட்டில் ரொம்ப நாள் கழித்தும் பாசிட்டிவ் வரும், ஒரே ஆள், ஒரே சாம்பிள். இன்னொரு கூத்து: கோவிஷீல்டு ஸ்பைக்கை மட்டும்தான் உடம்புக்குக் காட்டும். தொற்றே வராமல் அந்த ஊசி மட்டும் போட்டவர் நியூக்ளியோகேப்சிட் டெஸ்ட் எடுத்தால் நெகட்டிவ்தான் வர வேண்டும், ஆனால் ஊசி வேலை செய்யவில்லை என்று சண்டைக்கு வருவார். கோவாக்சின் செயலிழக்கச் செய்த முழு வைரஸ், அதனால் இரண்டு ஆன்டிபாடியும் வரலாம். 2020 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் பிஏயு என்று ஒரு பொது அளவைக் கொண்டுவந்தது, அதற்கு மாற்றினாலும் கிட்டுக்குக் கிட் எண்கள் அப்படியே பொருந்துவதில்லை. ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் அதே கிட்டில் எடுங்கள்.

எண் இறங்கினால் எல்லாம் போச்சு என்பது

இறங்கத்தான் செய்யும். தொற்று வந்ததும் அவசரத்துக்கு ஆன்டிபாடியைக் கொட்டும் செல்கள் கொஞ்ச நாளில் செத்துவிடும், அதனால் முதல் சில மாதம் சரிவு வேகமாக இருக்கும், அப்புறம் மெதுவாகும். ரத்தத்தில் ஓடும் ஐஜிஜி பாதியாகக் குறைய மூன்று வாரம் போதும். அப்படியிருந்தும் ஒரு வருடம் கழித்துத் தெரிகிறதென்றால், உள்ளே இன்னும் உற்பத்தி நடக்கிறது என்றுதானே அர்த்தம்? எலும்பு மஜ்ஜையில் தங்கி ஆன்டிபாடி செய்யும் பிளாஸ்மா செல்களின் வேலை அது. லேசாகக் கொரோனா வந்தவர்களின் மஜ்ஜையில் 11 மாதம் கழித்தும் அவை இருந்ததை 2021-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பழைய கிருமியை நினைவில் வைத்திருந்து மறுபடி வந்தால் எதிர்க்கும் பி செல், டி செல் எதுவும் நம் ரிப்போர்ட்டில் வராது. 2003-ல் சார்ஸ் (இந்தக் கொரோனாவுக்குச் சொந்தக்கார வைரஸ்) வந்து பிழைத்தவர்களிடம் 17 வருடம் கழித்தும் அந்த டி செல்கள் இருந்தன.

"ஏரியாவுக்கே வந்து போச்சு"

2020 ஜூலையில் எடுத்த ரத்தப் பரிசோதனை சர்வேயில் சென்னை முழுக்க 21.5 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. தண்டையார்பேட்டை மண்டலத்தில் சுமார் 44, நகரத்திலேயே அதிகம். "நமக்கெல்லாம் வந்து போச்சு" என்று மிண்ட் வரைக்கும் இதே பேச்சு. பாதிக்கு மேல் வராதவர்கள் என்பதும் அதே கணக்கில்தான் இருந்தது, யார் பார்த்தார்கள்? 2021 மே மாதம் எப்படிப் போனது என்று இந்தப் பக்கம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

வந்தவர்களுக்கும் காலம் முழுக்க உத்தரவாதம் இல்லை. பிரிட்டன் மருத்துவப் பணியாளர்களிடம் பார்த்தபோது, ஒருமுறை வந்த தொற்று குறைந்தது 5 மாதம் வரை மறுதொற்றை 83 சதவீதம் தடுத்தது. அது பழைய வைரஸ் காலம். 2021 நவம்பரில் ஒமிக்ரான் வந்ததும் பழைய ஆன்டிபாடிக்கு அது சரியாகப் பிடிபடவில்லை, வந்தவர்களுக்கே மறுபடி வந்தது. ஆனால் பெரும்பாலோருக்கு ஐசியு வரை போகவில்லை.

இருமலோடு வந்து ஆன்டிபாடி டெஸ்ட் கேட்பது

இப்போது தொற்று இருக்கிறதா என்று ஆன்டிபாடி சொல்லாது, அதற்கு மூக்கில் ஸ்வாப்.

பாசிட்டிவ் என்று ஊசியைத் தள்ளிப்போடுவது

வேண்டாம். மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இதை டாக்டரிடம்தான் பேச வேண்டும். எந்த எண்ணுக்கு மேல் இருந்தால் பயமில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட கோடு எதுவும் கிடையாது, எங்கள் ரிப்போர்ட்டில் பக்கத்தில் அச்சாகும் ரேஞ்ச் அந்தக் கோடு இல்லை.