ஹவில்தாருக்குத் தலைகீழ்ப் பட்டை: பொம்மைச் சிப்பாய்க்குப் பதவிச் சின்னம் தீட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரை ஒட்டிய கம்மவான்பேட்டையை எங்கள் பக்கம் மிலிட்டரிபேட்டை என்றே சொல்வார்கள். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டை அங்கே தேடத்தான் வேண்டும். அந்த ஊரில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரிடம், நான் தீட்டிய முதல் பர்மா போர்முனை ஹவில்தாரைப் பெருமையோடு நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு நொடிதான் பார்த்தார். "என்ன தம்பி, நம்ம ஆளை அமெரிக்கப் பட்டாளத்துல சேத்துட்டியே?" என்றார். சட்டைக்கையில் வீ வடிவப் பட்டை மூன்றும் முனை மேல்நோக்கி இருந்தன.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் பட்டை முனை கீழேதான் பார்க்கும். லான்ஸ் நாயக்குக்கு ஒன்று, நாயக்குக்கு இரண்டு, ஹவில்தாருக்கு மூன்று. அமெரிக்கருக்கு முனை மேலே. நம்ம லான்ஸ் நாயக் மாதிரியான ஜெர்மன் கெஃப்ரைட்டருக்கும் கீழேதான், ஆனால் இடது கையில் மட்டும். இரண்டு கையிலும் தீட்டிவிட்டுப் பிறகு சுரண்டியவர்கள் நிறைய, நானும் ஒருவன்.

அப்புறம் அதிகாரிகளின் தோளில் வரும் நட்சத்திரக் கணக்கு. பிரிட்டிஷ் முறையில் செகண்ட் லெப்டினன்டுக்கு ஒன்று, லெப்டினன்டுக்கு இரண்டு, கேப்டனுக்கு மூன்று. அதே கணக்கை ஜெர்மானியர் தோளில் போட்டால் ஆளுக்கு ஒரு படி பதவி பிசகிவிடும். அங்கே லெய்ட்னன்ட் தோளில் நட்சத்திரமே கிடையாது. ஓபர்லெய்ட்னன்டுக்கு ஒன்று, கேப்டனுக்குச் சமமான ஹாப்ட்மனுக்கு இரண்டு. அமெரிக்கர் கதை இன்னும் வேடிக்கை. செகண்ட் லெப்டினன்டுக்குத் தங்கப் பட்டி, அவருக்கு மேலுள்ள ஃபர்ஸ்ட் லெப்டினன்டுக்கு வெள்ளிப் பட்டி. நகைக்கடை நினைப்பில் தங்கம்தான் உசத்தி என்று தீட்டினால் மாட்டிக்கொள்வீர்கள்.

நம்மவர்களே அதிகம் சறுக்குவது சுபேதாரிடம். அவருக்கும் லெப்டினன்டைப் போலவே இரண்டு நட்சத்திரம். வித்தியாசம், ஒவ்வொரு நட்சத்திரத்துக்கு அடியிலும் சிவப்பு-மஞ்சள்-சிவப்பு நாடா. இன்றைய சுபேதாரின் தோளைப் பார்த்துத் தீட்டினால் அந்த நாடா நட்சத்திரங்களை விட்டு விலகித் தனியாக வந்துவிடும். அந்த இடமாற்றம் போருக்குப் பிந்தியது. சுபேதார் மேஜருக்கு அன்று கிரீடம். அசோகச் சிங்கம் 1950-இல் குடியரசான பிறகு வந்தது. 1944 இம்பால் போரில் நிற்பவருக்குச் சிங்கம் வைத்த பொம்மைகளை நான் பார்த்திருக்கிறேன்.

வருடம் பிசகினால் வேறு நாடுகளிலும் இதே கதைதான். சோவியத் ராணுவம் தோள்பட்டைச் சின்னத்துக்கு மாறியது 1943 ஜனவரியில். அதுவரை காலரில் முக்கோணம், சதுரம், செவ்வகம். ஆகவே 1942-இல் ஸ்டாலின்கிராடில் சண்டை போடும் ஆளுக்குத் தோள்பட்டைச் சின்னம் கூடாது.

சீருடைச் சில்லறை விஷயத்துக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவரை வேலூர்க் கோட்டைப் பக்கம் கூட்டிப்போகலாம். 1806 ஜூலை 10 அன்று அங்கே சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்ததற்கு, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையும் ஒரு காரணம்.

சரி, தூரிகைக்கு வருவோம். 1/72 அளவில், அதாவது நிஜ உயரத்தில் 72-இல் ஒரு பங்கில், ஆளே இரண்டரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுவார். பட்டை ஒரு மில்லிமீட்டர் சொச்சம். அதில் மூன்று கோடு இழுக்கப் பார்ப்பது வீண் வேலை. தடித்த வீ வடிவம் ஒன்றை வெளிறிய நிறத்தில் போட்டுக் காயவிட்டு, சீருடை நிறத்தால் நடுவில் இரண்டு கோடு இழுங்கள். மூன்று பட்டை தானாகப் பிரியும். சுத்த வெள்ளை வேண்டாம், சுண்ணாம்பு அடித்தது போல் உறுத்தும். ஒரு துளி காக்கி கலந்தால் துணி மாதிரி இருக்கும்.

கத்திரி வெயிலில் இதைச் செய்வது தனி அவஸ்தை. ஃபேனை நிறுத்தினால் வியர்வை பொம்மை மேல் சொட்டும். ஓடவிட்டால் அக்ரிலிக் தூரிகை நுனியிலேயே இறுகிவிடும். டிபன் பாக்ஸ் மூடியில் நனைத்த ஸ்பாஞ்சை வைத்து, மேலே பட்டர் பேப்பர் விரித்து அதில் பெயின்டைக் கலக்குகிறேன். அதையும் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுவேன்.

அந்த ஹவில்தார் இப்போது சுபேதார் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறார். பட்டைகளின் முனை கீழே பார்க்கிறது. இடது கையில் மட்டும் கொஞ்சம் கோணல். அவர் கவனித்திருப்பார், சொல்லவில்லை.