தாடை வலிக்கு ஒரு ‘ன்’

தாடையும் நெற்றிப்பொட்டும் பிடரியும் சேர்ந்து வலிக்கிறதா? ‘ன்’ என்று சொல்லி, நாக்கு நுனியை அங்கேயே நிறுத்துங்கள். உதடு மூடியிருக்கட்டும், பற்கள் 2, 3 மில்லிமீட்டர் விலகியிருக்கட்டும். ‘ந்’ வேண்டாம், அதில் நாக்கு பல்லைத் தள்ளும்.

பற்கள் ஒன்றையொன்று தொட வேண்டியது மெல்லும்போதும் விழுங்கும்போதும்தான். மற்ற நேரத்தில் லேசாகக் கடித்திருந்தாலே கன்னத் தசையும் பொட்டுத் தசையும் ஓயாமல் உழைக்கும். அந்த அலுப்புதான் பலருக்குத் தலைவலியாகத் தெரிகிறது.

சிக்கல், மறந்துபோவது. சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் கதவு மூடும் ஒலி கேட்கும்போதெல்லாம் பல்லைக் கவனியுங்கள். தோ பாயோவில் ஏறி ராஃபிள்ஸ் பிளேசில் இறங்குவதற்குள் 7 முறை ஆகிவிடும். கைப்பேசியைக் குனிந்து பார்ப்பவர்கள் அப்படியே அதைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினால் பிடரிக்கும் நல்லது.

தூக்கத்தில் பல் கடிப்பவர்களுக்கு இது போதாது. பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்துதரும் கவசம் தேவைப்படலாம். வாய் திறக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலும் மருத்துவரிடம்தான் போக வேண்டும். 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகப் பொட்டு வலியும் பார்வை மங்கலும் வந்தால் அன்றே அவசரப் பிரிவு. நெஞ்சு இறுக்கத்தோடு தாடை வலித்தால் உடனே ஆம்புலன்ஸுக்கு 995.