தொண்டைப் புற்றில் மரபணுவை முடக்குகிறீர்களா? முதலில் செல்லைப் பாருங்கள்

ஆய்வுக் கட்டுரைக்குக் குரல்வளைப் புற்றுநோய் என்று தலைப்பு போட்டு, ஆய்வகத்தில் வளர்க்கும் ஹெப்-2 என்ற செல்வகையில் ஏதோ ஒரு மரபணுவை முடக்கி, வளர்ச்சி குறைந்துவிட்டது என்று முடித்துவிடுகிறார்கள். கோளாறு அந்தச் செல்லிலேயே இருக்கிறது. 1950களில் குரல்வளைக் கட்டியிலிருந்து எடுத்ததாகப் பதிவான ஹெப்-2, ஹீலா என்ற வேறொரு செல்வகை கலந்து ஹீலாவாகவே ஆகிப்போனது என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். ஹீலாவோ 1951-ல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்தது. வெறும் பெயர்க் குழப்பம்தானே என்று விட முடியாது. ஹீலாவுக்குள் கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் எச்பிவி-18 வைரஸின் மரபணுக்கள் இருக்கின்றன, அதன் இ6 புரதம் செல் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் பி53 புரதத்தைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். புகையிலையால் வரும் குரல்வளைப் புற்றில் பெரும்பாலும் பி53 மரபணுவே பழுதாகியிருக்கும். இரண்டும் வேறு வேறு கதை. அதனால் செல் யாருடையது என்று காட்டும் எஸ்டிஆர் என்ற டிஎன்ஏ அடையாளச் சோதனை செய்யாமல் எந்தச் செல்லையும் தொடாதீர்கள். வாய்ப் புற்றிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட கேபி செல்லிலும் இதே சிக்கல்தான்.

சரி, செல் சரியானதுதான் என்று வையுங்கள். மரபணுவை முடக்கப் போடும் எஸ்ஐஆர்என்ஏ என்ற சிறிய ஆர்என்ஏ துண்டில் ஒன்றே ஒன்றை நம்புவது அடுத்த தவறு. சுமார் 21 எழுத்து நீளமுள்ள அந்தத் துண்டில் 2 முதல் 8 வரையுள்ள எழுத்துகள் பொருந்தினாலே போதும், சம்பந்தமில்லாத மரபணுக்களும் அடங்கிவிடும். ஒரே மரபணுவின் வேறு வேறு இடங்களைக் குறிவைக்கும் இரண்டு மூன்று துண்டுகளாவது ஒரே முடிவைத் தர வேண்டும். அப்புறம், அந்தத் துண்டால் முடக்க முடியாதபடி மாற்றிய மரபணுவைச் செல்லுக்குள் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். வளர்ச்சி மீண்டால்தான் பழி அந்த மரபணுமேல்.

ஆர்என்ஏ குறைந்ததைக் காட்டிவிட்டு நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே உருவான புரதம் சில சமயம் நாள்கணக்கில் தங்கும், புரத அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனை வேண்டும்.

செல் வளர்ச்சியை அளக்கப் பயன்படுத்தும் எம்டிடி சோதனையில் மஞ்சள் கரைசல் ஊதாப் படிகமாக மாறுவது செல்லின் வளர்சிதை மாற்றத்தைக் காட்டுகிறது, எண்ணிக்கையை அல்ல. நிறம் வெளிறினால் செல் பெருகவில்லையா, செத்துவிட்டதா, சும்மா சோர்ந்து கிடக்கிறதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. எஸ்ஐஆர்என்ஏ-வை உள்ளே கொண்டுபோகும் கொழுப்புக் கலவையே செல்லைக் கொல்லக்கூடும் என்பதால், எதையும் குறிவைக்காத துண்டு போட்ட குழியும் அதே சோதனைத் தட்டில் இருக்க வேண்டும். செல்லை நேரடியாக எண்ணுங்கள், முடிந்தால் புதிதாக டிஎன்ஏ உருவாகிறதா என்று காட்டும் பிஆர்டியூ சோதனையும் பாருங்கள். ஒற்றைச் செல் பெருகிக் கூட்டமாகிறதா என்று பார்க்க ஒன்றிரண்டு வாரம் ஓடும் காலனி சோதனைக்கு எஸ்ஐஆர்என்ஏ தாங்காது, செல் பிரியப் பிரிய அது நீர்த்துப்போகும். அதற்குச் செல்லே தொடர்ந்து தயாரிக்கும் எஸ்எச்ஆர்என்ஏ-தான் சரி.