பழைய இராணுவத் துவக்குக்குக் குறி சரிசெய்தல்: பயனெற்றோடா, இல்லாமலா?

மொசின்-நகான் 91/30 என்ற பழைய சோவியத் இராணுவத் துவக்கை வைத்துப் புதிதாகச் சுடத் தொடங்குபவர்கள் அதிகம் முறையிடுவது, குறி வைத்த இடத்தில் சன்னம் படுவதில்லை என்பதைத்தான். துவக்கு பழுதென்று முடிவெடுக்க முதல் ஒன்றைத் தீர்மானியுங்கள்: பயனெற்றை, அதாவது குழல் முனையில் பூட்டும் கத்தியை, பூட்டிச் சுடப் போகிறீர்களா, கழற்றிச் சுடப் போகிறீர்களா? சோவியத் இராணுவம் இந்தத் துவக்கைப் பயனெற் பூட்டியபடியே குறி சரிசெய்தது. கத்தியைக் கழற்றினால் குழல் முனையின் பாரம் குறையும், அதிர்வு மாறும், படும் இடமும் மாறும். எந்தப் பக்கம் மாறும் என்பது துவக்குக்குத் துவக்கு வேறு, சுட்டுத்தான் அறியலாம்.

நம்மூரில் எல்லாரும் அறிந்த 303 இலும், அதாவது பிரித்தானிய லீ-என்பீல்ட் துவக்கிலும், இரண்டு வகை உண்டு. பழைய எஸ்.எம்.எல்.ஈ.யில் பயனெற் முன்மூடியில் (கட்டையின் முன்நுனியிலுள்ள உலோக மூடியில்) பூட்டும், குழலில் அல்ல. பிந்திய வகையான நம்பர் 4 இல் நேரே குழலில் பூட்டும். அதனால் கத்தியின் பாரம் குழலை நேரடியாகவே தாக்கும்.

இந்த விளக்கம் அனுமதிப்பத்திரம் உள்ளவர்களுக்கும், அனுமதிபெற்ற சூட்டுத்தளத்தில் சுடுபவர்களுக்கும் மட்டும். கனடாவிலோ ஐரோப்பாவிலோ இருக்கிற உறவுகளுக்கு இது உதவும். யாழ்ப்பாணத்தில் காணி துப்புரவாக்கும்போது பழைய துவக்கோ ரவையோ கிளம்பினால் தொடவே வேண்டாம். அடையாளம் வைத்து விலகி நின்று 119 க்கு அறிவியுங்கள்.

சுட முதல்:

1. பூட்டை (கைபிடித்து இழுத்துத் திறக்கும் போல்ற்றை) கழற்றிக் குழலுக்குள்ளால் வெளிச்சத்தைப் பாருங்கள். அடைப்போ வீக்கமோ இருந்தால் சுடக்கூடாது. பூட்டுக்கும் ரவைக்கும் இடையிலான இடைவெளியைத் துவக்குத் திருத்துநர் ஒருவரிடம் அளவுகோலால் பார்ப்பியுங்கள்.
2. ரவை அறையில் உறைந்திருக்கும் பழைய கிறீஸை முழுக்க எடுங்கள். சூடேறியதும் பூட்டு இறுகித் திறக்க மறுப்பதற்கு அனேகமாக இதுதான் காரணம்.
3. கட்டையை இறுக்கும் இரண்டு திருகாணிகளையும் முறுக்குங்கள். அவை தளர்ந்திருந்தால் துளைகள் ஒருபோதும் ஒன்றுசேரா. பயனெற் ஆடினாலும் இதே கதைதான்.

முன்கட்டையை மணல்மூட்டையில் வையுங்கள். குழலோ கத்தியோ எதிலும் முட்டக்கூடாது. கத்தியோடு துவக்கு ஏறத்தாழ 166 செ.மீ. நீளம், ஆகவே பக்கத்தில் ஆள் நிற்க மேசையில் திருப்பாதீர்கள். கண்ணாடியும் காதுக்காப்பும் கட்டாயம்.

முதலில் 25 மீற்றரில் மூன்று ரவைகள். தாளில் பட்டால் 100 மீற்றருக்குப் போய், பின்குறியை 1 இல் (100 மீற்றருக்கான அடையாளத்தில்) வைத்து ஐந்து சுடுங்கள். ஒரு துளையைப் பார்த்துத் திருத்தவேண்டாம். ஐந்தின் நடுவையே கணக்கெடுங்கள். குழல் கொதித்தால் ஆறவிடுங்கள்.

இடம் வலம் திருத்த, முன்குறியைக் குறுக்குப் பள்ளத்தில் நகர்த்தவேண்டும். சன்னம் இடப்பக்கம் போனால் முன்குறியும் இடப்பக்கம். தவறு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். இதைத் தலைகீழாய்ச் செய்வதால்தான் பலர் ஒரு பெட்டி ரவையை வீணாக்குகிறார்கள். இரண்டு குறிகளுக்கும் இடைத்தூரம் 622 மி.மீ.; ஆகவே 1 மி.மீ. நகர்த்தினால் 100 மீற்றரில் 16 செ.மீ. மாறும். வெறும் சுத்தியலால் அடிக்காமல் பித்தளைத் துண்டு வைத்துத் தட்டுங்கள், அல்லது குறிதள்ளும் கருவியைப் பாவியுங்கள். பழைய இடத்தைப் பென்சிலால் கீறிவைத்தால் திரும்பி வரலாம்.

உயரம் வேறு சங்கதி. பல 91/30கள் பின்குறியை 1 இல் வைத்தாலும் மேலேயே அடிக்கும், ஏனெனில் முன்குறியின் உயரம் போதாது. அரத்தைத் தொடாதீர்கள், ராவினால் இன்னும் மேலே போகும். மெல்லிய மின்வயரின் உறையை முன்குறியைவிடச் சற்று நீளமாய் வெட்டி அதில் செருகுங்கள். இப்போது சன்னம் கீழே படும். பிறகு உறையைச் சிறுகச் சிறுக வெட்டி, ஒவ்வொரு முறையும் சுட்டுப் பாருங்கள். அரை மி.மீ. என்றால் 8 செ.மீ.

விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் குழலை இலக்கை நோக்கியே பிடித்து ஒரு நிமிடம் பொறுங்கள், பிந்தி வெடிப்பதுண்டு.

பழைய இராணுவ ரவைகளின் தீமூட்டி (ரவையின் அடியில் முதலில் தீப்பற்றும் பகுதி) குழலில் உப்பை விட்டுச்செல்லும். அது எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். எண்ணெய் மட்டும் பூசிய குழல் கடற்கரை வீட்டு யன்னல் கம்பிபோல் துருப்பிடிக்கும். அன்றைக்கே குழலுக்குள்ளும் பூட்டின் முகத்திலும் வெந்நீர் ஊற்றித் துடைத்து, நன்றாய்க் காய்ந்தபின் எண்ணெய் பூசுங்கள். பயனெற்றின் பொருத்துவாயையும் மறக்கவேண்டாம். இரண்டொரு நாள் கழித்து வெள்ளைத்துணி விட்டுப் பாருங்கள். செம்பழுப்பாய் வந்தால் வெந்நீரிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.